மேகாதிபதியின் கணக்கு

சித்திரை முதல் நாளன்று, மூலைகளில் மஞ்சள் பூசிய புதுப் பஞ்சாங்கத்தைக் கோயில் மண்டபத்தில் விரித்துச் சாஸ்திரிகள் வருஷபலன் வாசிக்க, வேப்பம்பூவின் கசப்பு நாவில் மாறாத குடியானவர்கள் தூணோரம் அமர்ந்து செவிமடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் நிலவியது. ராஜா யார், மந்திரி யார் என்று நவநாயகர் பட்டியல் தொடங்கும்போதுகூடப் பேச்சுக்குரல் அடங்காது. மேகாதிபதியின் பெயர் வந்து, மழை இத்தனை மரக்கால், அதில் சமுத்திரத்துக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கப்படும்போதுதான் மண்டபம் நிசப்தமாகும். வானத்து மழையையும் நெல் அளக்கும் மரக்காலாலேயே அளந்த அந்த விவசாய மனம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அந்த நிசப்தத்தில் கலந்திருந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அறுபது வருஷப் பெயர்கள் சுழன்றுவரும் சக்கரத்தில், 1876-இல் பிறந்த தாது வருஷம், பருவமழை பொய்த்துச் சென்னை ராஜதானியைப் பஞ்சத்தில் ஆழ்த்தியது. 1878 வரை லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டுகொண்டிருக்கையிலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அத்துயரத்தை ஜனங்கள் இங்கிலீஷ் ஆண்டால் குறிக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். அப்பெயர் 1936-இல் மீண்டும் வந்தபோது, சிறுபிராயத்தில் கஞ்சித்தொட்டி வாசலில் கையேந்தி நின்றவர்களுள் சிலர் இன்னும் உயிரோடிருந்தார்கள்.