முப்புரிக் கயிறும் சென்னைப் பல்கலைக்கழகமும்



கடப்பாக்கத்துப் பிள்ளைகளுக்குக் கயிற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றைப் புரி அறுந்துபோகும். மூன்று புரியை முறுக்கினால் படகையே கட்டி நிறுத்தலாம். நம் தோலிலும் எலும்பிலும் அதே முப்புரிக் கயிறு இருக்கிறது. பெயர் கொலாஜன். பருமன் சுமார் 1.5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர்.

இந்த வடிவத்தைச் சொன்னவர்கள் சென்னைக்காரர்கள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். இராமச்சந்திரன். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த கங்காரு வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளை அளந்தார். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலம் அது. மூன்று புரியும் நெருங்கும் நடுவிடத்தில் அது மட்டுமே அடங்கும். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று மறு ஆண்டே திருத்தமும் செய்தார்.

அப்போது டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச்சும் மறுத்தார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் நம்மவர். ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். எளிதில் தீரவில்லை. காரணம், எக்ஸ் கதிர் எலக்ட்ரானைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனுக்கு இருப்பதோ ஒரே எலக்ட்ரான்; கண்ணில் படுவது அரிது.

நியூட்ரானுக்கு அந்தக் குறை இல்லை. அது அணுக்கருவைப் பார்க்கும். ஹைட்ரஜன் பளிச்செனத் தெரியும். நமக்கு வடக்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் 'காமினி' என்ற சிறு அணு உலையில், இஸ்ரோவின் வெடிப்பொறிகளை நியூட்ரானால் படம் எடுத்துச் சோதிக்கிறார்கள். உலோகக் கூட்டுக்குள் இருக்கும் மருந்து அதில் தெரிந்துவிடும்.

கொலாஜன் வழக்கு எப்படி முடிந்தது? நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். அதில் கிரிக் பக்கம் சரி. ஆனால், இடையில் நீர் மூலக்கூறு பாலமாக நின்று பிணைக்கலாம் என்று 1968-இல் இராமச்சந்திரன் எழுதியிருந்தார். 1994-இல் கொலாஜன் போன்ற சிறு படிகம் ஒன்றை ஆராய்ந்தபோது அந்த நீர்ப்பாலங்கள் தெரிந்தன.

2001-இல் அவர் மறைந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவர் பெயரையாவது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.