குஜிலி

இன்று குஜிலி என்றால் சினிமாப் பேச்சில் பெண்களைச் சுட்டும் மலிவான சொல்தான் நினைவுக்கு வரும். நூறாண்டுக்கு முன் அது சென்னைப் பார்க் டவுன் பக்கம் ஒரு கடைத்தெருவின் பெயர். குஜராத்தியரை வைத்து வந்த பெயர் என்பாரும் உண்டு. பிற்பகலில் பாதையோரம் கூடும் சந்தையைக் குறிக்கும் 'குஜ்ரி' என்ற உருதுச் சொல்லின் திரிபு என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. அதன் வேரான 'குஜர்' கடந்து போவதைக் குறிக்கும். பௌர்ணமி மாலையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைக்கு வந்தால் அந்தப் பொருள் விளங்கிவிடும். கிரிவலம் போகிறவர்கள் நடக்கிற பாதையே சந்தையாகிறது. தரையில் சாக்கை விரித்தால் கடை. கூட்டம் கலைந்தால் கடையும் இல்லை.

தெருவின் பெயர் அங்கே விற்ற புத்தகங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1835-இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாட்டை நீக்கியபின் நம்மவர் அச்சகங்கள் பெருகின. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் திருவிழாவிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்கப்பட்டன. எங்காவது கொலை நடந்தால் கொலைச்சிந்து வரும். வெள்ளம், ரயில் விபத்து, கள்ளின் கேடு, புது நாகரிகம் என்று ஊர் எதைப் பேசியதோ அதுவெல்லாம் பாட்டானது.

கூடவே பெரிய எழுத்துக் கதைகள்: நல்லதங்காள், அல்லியரசாணி, விக்கிரமாதித்தன். அவற்றின் படங்களைத்தான் நான் விடாமல் பார்க்கிறேன். மரக்கட்டையில் கோடு மட்டும் மேடாக நிற்க, மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிட வேண்டும். வலக்கை இடக்கையாகும்படி படத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஈய எழுத்தின் உயரத்துக்குக் கட்டை சரியாக இருந்தால்தான் எழுத்தும் படமும் ஒரே இழுப்பில் பதியும். கட்டை விலையுள்ளது, ஆகவே ஒரு கதையின் ராணி இன்னொரு கதையிலும் ராணியாக வந்து நிற்பாள். முகத்தில் நிழலே இராது, கண்கள் மட்டும் அகன்று திறந்திருக்கும். இதைக் கைத்திறன் குறைந்த படம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்று அந்தச் செதுக்குக்காரருக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானின் உகியோ-எ மரக்கட்டை அச்சுப் படங்களும் இதே குலம்தான். 'உகியோ' முதலில் பௌத்தர் வாயில் துயர உலகைக் குறித்தது. எடோ நகரத்தார் அதே ஒலிக்கு 'மிதக்கும்' என்ற எழுத்தை இட்டு, நாடகக் கொட்டகையும் கேளிக்கைத் தெருவுமான அன்றாட உலகுக்கு அதைப் பெயராக்கினர். 'எ' என்றால் படம். வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் மூவரையும் கூட்டி வேலை வாங்கியவர் பதிப்பாளர். 1765 வாக்கில் ஓவியர் ஹருநோபு காலத்தில் பல வண்ண அச்சு வந்தது. 1855-இல் எடோவில் பூகம்பம் வந்தபோது, அதற்குக் காரணமென்று நம்பப்பட்ட ராட்சதக் கெளுத்தி மீனை வரைந்த தாள்கள் உடனே தெருவுக்கு வந்தன. அவற்றை நம் கொலைச்சிந்துக்கு அண்ணன்மார் என்றே சொல்வேன்.

உகியோ-எ அருங்காட்சியகம் ஏறியது. குஜிலி வசைச்சொல் ஆனது. 'குஜிலிப் பதிப்பு' என்றால் பிழை மலிந்த, கேட்பாரற்ற நூல் என்று படித்தவர்கள் எழுதினார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றைத் தேடித் திரட்டி ஆராய்ந்த நூலுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயர் வைத்தார். கௌரவமான பெயர், பொருத்தமும்கூட. ஆனாலும் பழைய பெயரை விட்டுவிட எனக்கு மனமில்லை. புத்தகம் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கைக்குப் போனது என்பதை அந்த ஒரு சொல்தான் இன்னும் வைத்திருக்கிறது.