கடல்குதிரைக்கு ஒரு சட்டம், கண்ணாடி மீனுக்கு?

தேவிபட்டினம்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணக் கற்கள்தான். ராமநாதபுரத்துக்கு வடக்கே, பாக் விரிகுடா கரையில இருக்கற ஊர். அங்கே ஆழமில்லாத தண்ணிக்கு அடியில இன்னொரு விஷயமும் இருக்கு: கடற்புல். நிஜப் புல்வெளி மாதிரியே தரையில வேர்விட்டு வளரும். அந்தப் புல்லுல வாலைச் சுத்திக்கிட்டு நிக்கிற ஒரு மீன்தான் கடல்குதிரை. ஆமா, பேர்ல குதிரை இருந்தாலும் அது மீன்தான்.

2001 வரைக்கும் இந்தக் கரையில கடல்குதிரைக்கு நல்ல விலை. சங்கு குளிக்கிறவங்க, கடல் அட்டை எடுக்கறவங்க கையில அதுவும் சேர்ந்து வரும். காய வெச்சு, சீன மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகும். 2001 ஜூலையில மத்திய அரசு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில கடல்குதிரையைச் சேர்த்தது. புலி இருக்கற அதே அட்டவணை. நேத்து வரைக்கும் தொழிலா இருந்தது, அன்னிலேர்ந்து ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். கடல்குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தச் சட்டத்துக்கான விலையில ஒரு பங்கைக் கரையில மூச்சடக்கிக் குளிக்கிற ஆள் கொடுத்தாரு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இன்னிக்கு எபிசோட் கலர் மீன் பத்தி. சென்னை கொளத்தூர்ல ஒரு மீன் கடைக்குள்ள போனா, தொட்டியில தெரியற நிறம் பெரும்பாலும் மூணு வழியில வந்திருக்கும். ஒண்ணு, இயற்கையிலேயே இருந்த நிறம். ரெண்டு, இனப்பெருக்கத்தாலயோ மரபணுவாலயோ வந்த நிறம். மூணு, சாயம். கடல்லேர்ந்து நேரா எடுக்கற உயிருக்குச் சட்டம் எவ்வளவு கறாரா இருக்குன்னு இப்பப் பார்த்தோம். மத்த ரெண்டுக்கும்?

இதுக்கு 200 வருஷம் பின்னாடி போகணும். பிரான்சிஸ் ஹாமில்டன், ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில டாக்டர். 1800-ல மெட்ராஸ்லேர்ந்து மைசூர் பக்கம் பயணம் போய் எழுதினாரே, புக்கானன்னு, அதே ஆள்தான். கங்கையிலயும் அதன் கிளை ஆறுகள்லயும் கிடைக்கிற மீன்களைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1822-ல எடின்பரோவில வந்தது. அதுல ரெண்டு சின்ன மீன் இருக்கு. ஒண்ணு கண்ணாடி மீன். உடம்பு அப்படியே ஒளி ஊடுருவும், உள்ளே முள்ளு எல்லாம் தெரியும். இன்னொண்ணு ஜீப்ரா மீன். விரல் நீளம்கூட இருக்காது, உடம்பு முழுக்க நீலக் கோடு. ரெண்டும் நம்ம துணைக்கண்டத்து மீன். வாய்க்கால்லயும் வயல்லயும் திரிஞ்ச சாதாரண மீன்கள்.

அந்த ஒரே புத்தகத்துல இருந்த ரெண்டு மீனுக்கும் அப்புறம் மனுஷன் கலர் ஏத்தினான். ஒண்ணுக்கு ஊசியால, இன்னொண்ணுக்கு மரபணுவால.

முதல்ல ஊசி. கண்ணாடி மீன் உடம்புல நிறம் இல்லாததுதான் அதோட அழகு. அதையே வியாபாரம் காலி பலகை மாதிரி பார்த்தது. முதுகுலயும் வயித்துப் பக்கமும் ஊசி குத்தி, ஒளிரும் பச்சை, பிங்க், மஞ்சள்னு சாயம் ஏத்தி, 'டிஸ்கோ மீன்'னு பேர் வெச்சு வித்தாங்க. ஒரு தடவை இல்ல, ஒரே மீனுக்குப் பல குத்து. விரல் அளவு மீனுக்கு அந்த ஊசி என்ன அளவுன்னு யோசிச்சுப் பாருங்க. 1990-கள்ல பிரிட்டன்ல 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்'ங்கற பத்திரிகை இதை எதிர்த்து ஒரு இயக்கமே நடத்தியது. கடைகள்ல இருந்த சாயம் ஏத்தின கண்ணாடி மீன்களைச் சோதிச்சப்போ, 40 சதவீதத்துக்கு மேல ஒரு வைரஸ் நோய் இருந்தது. தோல்ல மரு மாதிரி கட்டி வர்ற நோய். சாயம் ஏத்தாத மீன்கள்ல அது ரொம்பக் குறைவு. இவ்வளவு வலிக்கும் அப்புறம் அந்த நிறம் நிலைக்குதா? இல்ல. சில மாசத்துல மங்கிடும்.

நமக்கு இது புதுசு இல்ல. திருவிழாக் கடையில பச்சை, ரோஸ், ஊதான்னு கூடையில கத்திக்கிட்டு இருக்கற கலர் கோழிக்குஞ்சு ஞாபகம் இருக்கா? முட்டைத் தொழிலுக்கு வேண்டாத சேவல் குஞ்சுக்குச் சாயம் பூசி, குழந்தை கண்ணுக்கு முன்னாடி வைக்கிறது. கண்ணாடி மீன் கதையும் அதுதான். கோழிக்குஞ்சு கத்தும், மீன் கத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப மரபணு. 1999-ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல ஸியுவான் கோங் குழு, ஜெல்லி மீன்லேர்ந்து எடுத்த ஒளிரும் புரதத்தோட மரபணுவை ஜீப்ரா மீன் முட்டைக்குள்ள சேர்த்தாங்க. நோக்கம் அழகு இல்ல. தண்ணி மாசுபட்டா நிறத்தால எச்சரிக்கிற மீனை உருவாக்கறதுதான் திட்டம். ஆனா 2003 கடைசியில அது 'க்ளோஃபிஷ்'ங்கற பேர்ல அமெரிக்காவில செல்லப்பிராணியா விற்பனைக்கு வந்துடுச்சு. இந்தியாவில மரபணு மாத்தின எந்த உயிருக்கும் 1989 விதிகள்படி அனுமதி வாங்கணும்.

நேர்மையா சொல்றேன், இந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. க்ளோஃபிஷ் குஞ்சு அந்த நிறத்தோடயே பொறக்குது. அதை யாரும் குத்தறது இல்ல. அங்கே கேள்வி வேற: ஏரிக்குள்ள போனா என்ன ஆகும், வாங்கறவருக்கு அது என்னன்னு சொல்றாங்களா?

கலப்பின மீன்கள் இந்த ரெண்டுக்கும் நடுவுல வருது. 'மீன் வளர்ப்பே செயற்கைதானே, கோல்ட் ஃபிஷ்கூட சீனாவில ஆயிரம் வருஷமா பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததுதானே'ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஆனா 1980-கள்ல தைவான்லேர்ந்து வந்த பேரட் மீனைப் பாருங்க. பல மீன்களுக்கு வாய் முழுசா மூடாது. இரையை வாயால கடிக்க முடியாம தொண்டையால நசுக்கித் திங்கும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். 1990-கள்ல மலேசியாவில உருவான ஃப்ளவர்ஹார்னுக்கு வேற பிரச்சினை. நெத்தி மேடு அதிர்ஷ்டம்னு நம்ம ஊர்லயும் வாங்கிக் குவிச்சாங்க. வளர்ந்ததும் யாரோடயும் சேராது, தொட்டியும் பத்தாது. இந்தோனேசியாவில மத்தானோ ஏரிக்குள்ள போன ஃப்ளவர்ஹார்ன், வேற எங்கயுமே இல்லாத மீன்கள் வாழற அந்த ஏரியில பெருகிடுச்சு.

ஆக, இயற்கையா செயற்கையாங்கறது சரியான கோடு இல்ல. அந்த நிறத்துக்கும் உருவத்துக்கும் மீன் தன் உடம்பால விலை கொடுக்குதா? கோட்டை அங்கேதான் போடணும்னு நான் நினைக்கிறேன்.

இதை நம்ம சட்டம் ஒரு தடவை கிட்டத்தட்ட பிடிச்சது. 2017 மே மாசம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்குன்னே தனி விதிகள் கொண்டுவந்தது. செயற்கையா நிறம் ஏத்தின மீனை வைக்கக் கூடாதுன்னு அதுல தெளிவா இருந்தது. ஆனா அதே விதிகள்ல, பவளப்பாறை மீன்களையும் சேர்த்து 158 வகைக்குத் தடை, கண்ணாடிக் கிண்ணத்துல மீன் வைக்கத் தடை, கால்நடை மருத்துவர் கட்டாயம்னு எல்லாமே இருந்தது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள்ள பிடிச்ச மீனும், மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் பொரிப்பகத்துல குஞ்சு பொரிக்க வைக்கிற கோமாளி மீனும் ஒரே பட்டியல்ல மாட்டற நிலை. கடலைத் தொடாம வளர்த்த மீனைத் தடுத்தா, கடல்ல பிடிக்கறதுக்கு மாற்றே இல்லாமப் போயிடும். வியாபாரிகள் எதிர்த்தாங்க. சில மாசத்துலயே விதிகள் மொத்தமா திரும்பப் பெறப்பட்டது.

எங்க தொழில்ல இதை நல்லாப் புரிஞ்சுப்பாங்க. ஒரு ரிலீஸ்ல நாலு பிரச்சினை இருக்குன்னு முழுசையும் ரோல்பேக் பண்ணிட்டோம். அதுல ஒழுங்கா இருந்த ஒரு வரியும் சேர்ந்து போச்சு. அதைத் தனியா எடுத்து மறுபடி போட யாரும் திரும்பி வரல.

அப்ப இன்னிக்குச் சாயம் ஏத்தின மீனுக்கு என்ன பாதுகாப்பு? 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். மனுஷனைத் தவிர எல்லா உயிரும் அதுல வரும், மீனும்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய். பாக் விரிகுடாவில கடல்குதிரை எடுத்தவருக்குச் சிறை. மீனை ஊசியால குத்தி நிறம் ஏத்தறவருக்கு ஒரு டீ, வடை காசு.

கடல்குதிரைச் சட்டத்தைத் தளர்த்தணும்னு நான் சொல்லல. ஏழை கையில இருக்கற உயிருக்குக் காட்டின கண்டிப்பை, ஏசி கடையில இருக்கற உயிருக்கும் காட்டணும்னு கேக்கறேன். 2017-ல இருந்த அந்த ஒரு வரியைத் தனியா கொண்டுவரலாம். அதுக்கு 158 மீன் பட்டியல் தேவையில்ல. பொரிப்பகம் வெச்சிருக்கவர் பிழைப்பும் கெடாது.

சட்டம் வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. கடையில ஒரு மீன் பளபளன்னு கண்ணைப் பறிச்சா, விலை கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "அண்ணா, இந்தக் கலர் ஆறு மாசம் கழிச்சும் இருக்குமா?" பொறந்த நிறமா இருந்தா, கடைக்காரர் யோசிக்காமப் பதில் சொல்வாரு. தயங்கினா, வாங்காம வந்துடுங்க.