டார்ச் சோதனையும் பச்சிளங்குழந்தையும்: சைட்டோமெகலோ வைரசு குறித்த மருத்துவ வரலாற்று நோக்கு – திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

படாஸ்கர் பரிந்துரையின்வழி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி, சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம் விரிவாக எழுதப்பெற்றுள்ளது. எல்லையூர்ப் பெண்களின் மகப்பேற்று மருத்துவ வரலாறு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. நகரி, புத்தூர் வழியே திருப்பதிக்கும், அரக்கோணம் வழியே சென்னைக்கும், சோளிங்கர் வழியே வேலூருக்கும் செல்லும் வழிகள் கூடும் ஊர் திருத்தணி. கரு தங்காத பெண்கள் இவ்வழிகளில் மருத்துவம் நாடிச் செல்லும்போது செய்துகொள்ளுமாறு கூறப்படும் சோதனைகளுள் ஒன்று ‘டார்ச்’. குழந்தைக்காக வகுக்கப்பட்ட இச்சோதனைத் தொகுதி தாயின்மீது திரும்பியதையும், அதனால் குழந்தை கவனத்தினின்று நழுவியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வைரசு பெயர் பெற்றமை

1881இல் இறந்து பிறந்த குழந்தையொன்றின் சிறுநீரகத்தில் அளவுமீறிப் பெருத்த உயிரணுக்களை ஜெர்மானிய நோயியலர் ரிப்பர்ட் கண்டார். 1904இல்தான் அதனை வெளியிட்டார். அக்காலத்தவர் அவற்றை ஒருசெல் ஒட்டுண்ணிகள் என மயங்கினர். 1956–57இல் மார்கரெட் சுமித், ரோவ், வெல்லர் ஆகியோர் தனித்தனி ஆய்வகங்களில் அவ்வைரசைப் பிரித்தெடுத்தனர். போலியோ வைரசு வளர்ப்புக்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற வெல்லரும் அவர்தம் குழுவினரும் 1960இல் ‘சைட்டோமெகலோ வைரசு’ என்னும் பெயரை முன்மொழிந்தனர். திருத்தணி தமிழகத்தோடு இணைந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான்.

எனினும் பெயர் அறிவது வேறு, நோயாளியிடம் அதனைக் கண்டறிவது வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தி.ஜேக்கப் ஜான் 1967இல் நிறுவிய நோயறி வைரசு ஆய்வகமே இந்தியாவில் அவ்வகையில் முதலாவது.

ஐந்தெழுத்துச் சுருக்கம்

1971இல் அட்லாண்டாவின் நாமியாசும் உடனாய்வாளர்களும் டாக்சோபிளாசுமா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரசு, ஹெர்ப்பிசு ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘டார்ச்’ என்னும் சுருக்கத்தை அமைத்தனர். இடையிலுள்ள எழுத்து ‘பிற’ தொற்றுகளைக் குறிப்பதாக வழங்கலாயிற்று. கருவிலும் பிறப்பின்போதும் குழந்தையைத் தாக்கும் இத்தொற்றுகள் ஒன்றைப்போல் ஒன்று தோன்றுவதால், பச்சிளங்குழந்தையை ஆயும் மருத்துவர் அனைத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்திய நடைமுறையில் அது திசைமாறியது. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடும் சோதனையாக, பெண்ணின் குருதியில் அது செய்யப்பட்டது. இங்குப் பெரும்பான்மையான பெண்கள் இளமையிலேயே இவ்வைரசின் தொற்றுக்கு ஆட்பட்டவர்கள்; ஆகவே ஐஜிஜி எதிர்ப்பான் அவர்தம் குருதியில் இருப்பதே இயல்பு. அது பழைய தொற்றின் தடமேயன்றி நோயன்று. ஐஜிஎம் எதிர்ப்பானும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். சிலபோது பொய்யாகவும் காட்டும். எதிர்ப்பானின் பிணைப்புவலிமையை அளந்தாலன்றித் தொற்றின் காலத்தைத் துணிவது அரிது. அவ்வாறிருக்க, அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்னும் ஒரு சொல்லைக் கண்டதும் மனைவியின் உடலில் குற்றம் காணும் குடும்பத்துக்கு மருத்துவமே சான்றளித்ததாயிற்று. தேவையற்ற மருந்துகளுக்கு ஆன செலவைவிட இதுவே பெருந்தீங்கு எனல் மிகையன்று. தொடர் கருச்சிதைவு ஆய்வில் டார்ச் சோதனையைக் கைவிடுமாறு பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்தியது.

நழுவிய குழந்தை

இதற்கு நேர்மாறான பிழையொன்றும் உடன் நிகழ்ந்தது. தாய்க்கு முன்பே எதிர்ப்பான் இருப்பின் குழந்தைக்கு ஊறு மிகக் குறைவு என்னும் கருத்தை 1992இல் ஃபௌலரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு வலுப்படுத்தியது. தாயர் ஏறத்தாழ அனைவருக்கும் எதிர்ப்பான் உள்ள நாட்டில் இச்சிக்கலே இல்லை என்ற எண்ணத்துக்கு அது இடந்தந்தது. 2001இல் போப்பனாவும் குழுவினரும், எதிர்ப்பான் உடைய தாய் வேறொரு வைரசு வகையால் மீளத் தொற்றுற்று, அதனைக் கருவுக்குக் கடத்தக்கூடும் எனக் காட்டினர். பழைய தொற்று விழித்தெழுவதாலும் கருவுக்குத் தொற்று கடக்கலாம். ஆக, ஐஜிஜியைக் கண்டு தாயை அஞ்சச் செய்ததும் தவறு. அதனையே கண்டு குழந்தையை மறந்ததும் தவறு.

தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்குப் பிறப்பின்போது அறிகுறி தோன்றுவதில்லை. அவற்றுள்ளும் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர்க்குப் பின்னர்ச் செவித்திறன் குறைகிறது. திருத்தணி மலைக்கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்தும் பருவத்தில் ஒலிக்குத் திரும்பிய குழந்தை, பள்ளிப் பருவத்தில் கேளாதிருக்கக்கூடும். பிறந்தவுடன் செய்யும் செவிச்சோதனை ஒன்றே இதனைப் பிடித்துவிடாது.

பிறந்த 21 நாள்களுக்குள் குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரசைக் கண்டால்தான் தொற்று கருவில் நேர்ந்தது எனத் துணியலாம். அதன்பின் காணப்படும் வைரசு தாய்ப்பாலின் வழியும் வந்திருக்கலாம், பிரித்தறிய வழியில்லை. அறிகுறியுடைய குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு திங்கள் வால்கேன்சைக்ளோவிர் கொடுப்பது செவித்திறனுக்கு ஓரளவு உதவும் என 2015இல் கிம்பர்லின் குழுவினர் காட்டினர். எனவே அந்த மூன்று வாரங்களே முதன்மையானவை.

டார்ச் தொகுதியின் மற்றோர் உறுப்பான ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா இயக்கம் முதலில் தொடங்கப்பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. சைட்டோமெகலோ வைரசுக்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2023 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் இதற்குச் சோதித்து வருகிறது. திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டம் 2022இல் தனக்கென அரசு மருத்துவக் கல்லூரியைப் பெற்றது. பிறந்த சில நாள்களிலேயே தாயும் சேயும் வீடு திரும்பும் இவ்வட்டாரத்தில், மூன்று வாரங்கள் கடப்பதற்குள் ஒரு துளி உமிழ்நீரை எடுக்கும் பொறுப்பு எவருடையது என்பதே இனி வரையறுக்கப்பட வேண்டியது.