பொழுது சாய்கிற நேரத்துப் பாட்டு

ஜனவரி 29 வந்தால் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும். குடியரசு தினக் கொண்டாட்டங்களை முடித்து வைக்கிற 'பீட்டிங் ரிட்ரீட்' அன்றைக்குத்தான் தில்லி விஜய் சௌக்கில் நடக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அது ஒரு சின்னப் பண்டிகை மாதிரி. தூர்தர்ஷனில் முப்படை பேண்டுகளும் முழங்கும்வரை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கடைசியில் வேகம் குறைந்து 'அபைட் வித் மீ' ஆரம்பித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பேண்டோடு சேர்ந்து தமிழில் பாடுவார். எங்கள் பாமாலைப் புத்தகத்தில் அதன் தமிழ் வடிவம் உண்டு, மெட்டு அதேதான். "அரசாங்கமே நம்ம பாட்ட வாசிக்காங்க, பாத்தியாலே?" என்று பெருமை வேறு.

எனக்கோ அது துட்டி வீட்டுப் பாட்டு. கல்லறைத் தோட்டத்தில் கேட்டுக் கேட்டு, அதன் முதல் சுரம் வந்தாலே ஊதுவத்தி வாசனை அடிக்கும். குடியரசு விழாவில் எதற்கு இது என்று யோசிப்பேன், கேட்டதில்லை.

2003ல் வேலைக்காகத் தில்லி வந்தேன். ஒரு வருடம் ஜனவரி 28 ஒத்திகைக்கு டிக்கெட் கிடைத்தது. நல்ல குளிர். பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வேர்க்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேண்ட் அந்த மெட்டை எடுத்ததும், செயலகக் கோபுரங்களின் மேலிருந்து மணிகள் பதில் சொல்கிற மாதிரி ஒலித்தன. கடலை உடைபடும் சத்தம் நின்றுபோனது. பாட யாருமில்லை, வார்த்தைகள் இல்லாத வெறும் மெட்டு. எனக்குள் மட்டும் அப்பாவின் கட்டைக் குரலில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் இதை எழுதினது யாரு என்று தேட ஆரம்பித்தேன்.

ஹென்றி பிரான்சிஸ் லைட். 1793ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், படித்தது அயர்லாந்தில், போதகராக இருந்தது இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் பிரிக்ஸ்ஹாம் என்கிற மீனவர் ஊரில். காசநோய். 1847 செப்டம்பரில் தன் சபையாரிடம் விடைபெற்று, வெயில் தேடித் தெற்கே கிளம்பியவர், நவம்பர் 20 அன்று நீஸ் நகரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். ஆக, ஊர் விட்டு ஊர் போய், கடைசியில் பிறத்தியார் மண்ணில் கண்மூடிய மனுஷர். (நம்ம கேஸ்தான்!) பாட்டுக்கு அவரே ஒரு மெட்டும் போட்டிருந்தார், அது எடுபடவில்லை. 1861ல் வில்லியம் ஹென்றி மங்க் போட்ட மெட்டுதான் இன்றுவரை நிற்கிறது.

பாட்டின் வேர் லூக்கா சுவிசேஷம் 24ஆம் அதிகாரம். சிலுவையில் அறைந்த மூன்றாம் நாள், இரண்டு பேர் எருசலேமிலிருந்து எம்மாவூருக்கு நடந்து போகிறார்கள். முகம் தெரியாத ஒருவர் வழியில் கூடச் சேர்ந்துகொள்கிறார். ஊர் வந்ததும் அவர் தாண்டிப் போகிறவர் போலக் காட்டுகிறார். இவர்கள் விடவில்லை, சாயங்காலமாகிவிட்டதே, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்துகிறார்கள். நம்ம ஊரில் "பொழுது அடைஞ்சிட்டே, இருந்துட்டு காலைல போகலாம்லா" என்பார்களே, அதேதான். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவர் யாரென்று தெரிகிறது. தெரிந்த அந்தக் கணமே ஆளைக் காணோம்.

லைட் செய்தது ஒரு பெரிய மாற்றம். வழிப்போக்கனை வீட்டுக்கு அழைத்த உபசார வார்த்தையை, சாகப்போகிறவனின் மன்றாட்டாக ஆக்கிவிட்டார். லூக்காவில் இருட்டில் போகப்போகிறவர் விருந்தாளி, வீட்டுக்காரர்களுக்கு அவரைப் பற்றிக் கவலை. பாட்டிலோ இருட்டு என்னைச் சுற்றி, தங்கவேண்டியவர் அவர். பாட்டு உலகம் சுற்றியது இந்த இரண்டாவது அர்த்தத்தோடுதான். பெல்ஜியத்தில் நேச நாட்டு வீரர்களைத் தப்ப வைத்ததற்காக 1915 அக்டோபர் 12 அன்று சுடப்பட்ட நர்ஸ் ஈடித் கேவல், முந்தின இரவு போதகரோடு சேர்ந்து சொன்னது இதைத்தான். 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதிப்போட்டியிலும் பாடுகிறார்கள். மரணத்துக்கும் கால்பந்துக்கும் ஒரே பாட்டு.

எனக்கென்னவோ முதல் அர்த்தம்தான் குத்துகிறது. 2011ல் அப்பா என் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தார். ஆபீசில் ஆடிட் நேரம். "சரி, கிளம்புதேன்" என்றதும், "இன்னும் ரெண்டு நாள் இருங்கப்பா" என்று நான் சொல்லவில்லை. நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். எம்மாவூர்க்காரர்கள் அப்பத்தையும் மீனையும் கணக்குப் பார்த்துவிட்டா கூப்பிட்டார்கள்? அப்பா அதற்கப்புறம் தில்லி வரவில்லை. 2019ல் இறந்துபோனார். கல்லறையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள், என் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

காந்திக்குப் பிடித்த பாட்டு என்று சொல்லப்பட்ட இதை 2020லேயே நிகழ்ச்சியிலிருந்து எடுப்பதாகச் செய்தி வந்து, பிறகு வைத்துக்கொண்டார்கள். 2022ல் எடுத்தேவிட்டார்கள். வந்தது 'ஏ மேரே வதன் கே லோகோ', சீனப் போருக்குப் பின் கவி பிரதீப் எழுதி, 1963 ஜனவரி 27 அன்று நேருவின் முன்னால் லதா மங்கேஷ்கர் பாடியது. அதுவும் செத்தவர்களுக்காக அழுகிற பாட்டுதான், நல்ல பாட்டு. படைகள் எதை வாசிக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் காலனியச் சரக்கு என்று சிலர் எழுதியபோது மட்டும், அந்நிய மண்ணில் கிடக்கிற அந்த நோயாளிப் போதகரை நினைத்துக்கொண்டேன். மறுநாள் காந்தி நினைவு நாள் என்பதையும்.

அன்றைக்கு சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். "ட்ரோன்லாம் பறக்குது, பாட்டக் காணுமே?" வாசிக்கமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிவியை அணைக்கும் சத்தம், பிறகு பாமாலைப் புத்தகம் புரளும் சத்தம். போனிலேயே ஆரம்பித்துவிட்டாள். எழுபத்தாறு வயசுக் குரல். மூன்றாவது சரணத்தில் இருமல் பிடித்துக்கொண்டது.

"இரும்மா," என்றேன். "தண்ணி குடி. நான் லைன்லதான் இருக்கேன்."