மதகு கரையில், குரல் கடைமடையில்

இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் நிரல்துண்டுக்கு நிகழ்வுக் கையாளி என்று பெயர். 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியதைத் தொடர்ந்து, இந்தக் கட்டளை ‘ஆன்கிளிக்’ என்று பொத்தானின் குறியீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டது. பக்கம் சிறிதாக இருந்தவரை அது போதும். பக்கங்கள் பெருத்தபோது, எந்தச் சொடுக்கு எந்தத் தகவலை மாற்றியது என்று தேடுவதே பெரும்பாடாயிற்று.

2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகம், திரையும் தரவும் ஒன்றையொன்று தாமே மாற்றிக்கொள்ள வழி செய்தது. வேலை சுளுவானது; தவறு நேர்ந்தால் மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினமானது. ஃபேஸ்புக்கில் ஜோர்டான் வாக் உருவாக்கி, 2013-ல் பொதுவில் விடப்பட்ட ரியாக்ட் நூலகம் இதற்கு நேர்மாறு. அதில் பக்கம் பல கூறுகளாகப் பிரிக்கப்படும். தரவு தாய்க்கூறிலிருந்து சேய்க்கூறுக்கு இறங்கும். சேய் அதைத் தொட்டு மாற்றக் கூடாது.

பாகூர் விவசாயிக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. ஏரி மதகிலிருந்து வயல்களுக்கு இறங்குகிறது. கடைமடை காய்ந்தால் அங்கிருந்தபடி மதகைத் திறக்க முடியாது. சொல்தான் கரைக்குப் போக வேண்டும்.

சேய்க்கூறு அந்தச் சொல்லை எப்படி அனுப்பும்? வில்லியனூர் மளிகைக் கடை ஒன்றின் ரசீதுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, எண்ணெய் என ஒவ்வொரு வரியும் ஒரு சேய். ஒவ்வொன்றிலும் ‘நீக்கு’ பொத்தான் உண்டு. பட்டியலும் மொத்தத் தொகையும் தாயிடம் இருக்கின்றன. பருப்பு வரி தன்னைத் தானே அழித்துக்கொண்டால் மொத்தம் பழையபடியே நின்று கணக்குப் பிசகும். ஆகவே நீக்கும் கையாளியைத் தாய் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கொடுத்துவைக்கிறது. பொத்தானை அழுத்தினால் வரி அந்தக் கையாளியை அழைக்கிறது. பட்டியலை மாற்றுவது தாய். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 2014-ல் வெளிவந்த வியூ என்ற சட்டகத்தில் சேய் ‘எமிட்’ செய்து செய்தி அனுப்பும். அங்கும் முடிவு தாயுடையதே.

கூறுகள் பல அடுக்கானபோது, தமக்குத் தேவையில்லாத கையாளியை நடுவில் உள்ளவை வாங்கிக் கைமாற்றும் நிலை வந்தது. 2015-ன் ரீடக்ஸ் நூலகமும், 2018-ல் ரியாக்ட் 16.3 தந்த புதிய கான்டெக்ஸ்ட் வசதியும் நடுவில் உள்ளவற்றைத் தாண்டிச் செல்ல வழி தந்து அந்தச் சுமையைக் குறைத்தன. இரண்டு மூன்று அடுக்கில் முடியும் பக்கத்துக்கு அவை வேண்டாம். கையாளியை நேராகச் சேயிடம் கொடுப்பதே தெளிவு.