படச்சட்டத்துக்குள் நிற்கும் பாலம்



பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரி, கிண்டி வழியாகச் சைதாப்பேட்டைக்குச் செல்லும்போது, அடையாற்றின்மேல் உள்ள மறைமலை அடிகள் பாலத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அதே இடத்தில் முன்னர் நின்ற பாலத்தை இன்று பழைய படங்களில்தான் காணமுடியும்.

அவற்றுள் புகழ்பெற்றது ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலின் படம். அவரும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் 1792-ல் சென்னைக்கு வந்து தென்னாட்டைச் சுற்றினார்கள். இருட்டுப் பெட்டிக்குள் கண்ணாடிவில்லை வழியாக விழும் காட்சியைத் தாளில் கோடுகளாகப் பதிப்பது அவர்களுடைய வழக்கம். தாய்நாடு திரும்பியபின் அக்கோடுகளைச் செப்புத்தகட்டுக்கு மாற்றி, அச்சிட்டு, வண்ணம் தீட்டி விற்றார்கள். 1795 முதல் 1808 வரை இவ்வாறு 144 காட்சிகள் வெளிவந்தன. அவை இங்கிலாந்துச் செல்வர்களின் வரவேற்பறைகளுக்காக அச்சிடப்பட்டவை, நமக்காக அல்ல. ஆயினும் நாம் அன்றாடம் போகும் வழியின் பழைய முகத்தை நமக்குக் காட்டுகிறவை அவையே. அந்தப் படத்தின் பெயர், 'பரங்கிமலைக்கு அருகிலுள்ள ஆர்மீனியப் பாலம்'.

யார் அந்த ஆர்மீனியர்? கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் வணிகர். புனித தோமாவின் மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்கப்பட்ட பாட்டைக் கண்டு, 1726-ல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன் என்பர். அதனோடு நில்லாமல், பிற்காலப் பராமரிப்புக்கென்று 1,500 வராகனையும் தனியே ஒதுக்கினார். கட்டிக் கொடுப்பவர் பலர் உண்டு; தாம் மறைந்தபின் செங்கல் பெயருமே என்று இன்றே கவலைப்படுகிறவர் அரிது. (ஆலயக் கட்டடக் குழுவினர் இவ்வரியை இருமுறை வாசிப்பார்களாக.) மலைமேல் ஏறும் படிக்கட்டுகளையும் அமைத்தவர் அவரே.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் தம் உடைமைகளை இழந்தார். 1751-ல் மரித்தார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயமோ அவர் விருப்பப்படி பாரசீகத்திலுள்ள சொந்த ஊரான ஜுல்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

ஓவியரின் பெயர் அச்சுப்படத்தோடு ஏலக்கூடங்களில் இன்றும் விலைபேசப்படுகிறது. உஸ்கானின் பாலமோ 1960-களில் புதிய பாலத்துக்கு இடம்விட்டு மறைந்தது. எஞ்சியது பாலத்தருகே சாலையோரத்தில் நிற்கும் ஒரு கல்வெட்டு. அடுத்த முறை அவ்வழியே போகும்போது சற்று இறங்கி அதைப் பாருங்கள். பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். தமிழில் ஒரு வரியும் இல்லை.